மறுமொழி: ‘சங்கம்’ வேண்டாமென்றால் வேறென்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

துனிசியாவின் 2011 மாற்றங்களைப் பற்றிய பாடமொன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் முடித்துக் கொடுக்க வேண்டும். சனவரி 14 அன்று அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். செப்டம்பர் 24 அன்று வந்த 88ஆம் ஆணைச்சட்டம், மக்கள் சேர்ந்து அமைப்புத் தொடங்க அனுமதி வேண்டியதில்லை, தெரிவித்தாலே போதும் என்றாக்கியது. இதைச் ‘சங்கம் அமைக்கும் உரிமை’ என்றால் மாணவர்கள் தொழிற்சங்கத்தையே நினைக்கிறார்கள். அங்கோ 1946இல் தோன்றிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு பென் அலி காலத்திலும் சட்டப்படியே இயங்கியது. இந்த உரிமைக்கும், மக்கள் ஓரிடத்தில் திரளும் உரிமைக்கும் வேறு என்ன சொல் இடலாம்?

*

அம்மையீர்,

‘சங்கம்’ வடசொல், அதை விடுங்கள். ‘கழகம்’ என்பீர்களானால், 937ஆம் குறளில் வள்ளுவர் புகவேண்டாமென எச்சரிக்கும் கழகம் சூதாடுமிடம். ‘கூடல்’ என்றால் மதுரையும் காமத்துப்பாலும் முன்வந்து நிற்கும். ‘கூடுதல் உரிமை’ அதிகப்படி உரிமையாகிவிடும். ‘கூட்டுரிமை’ பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு உரியது. எனவே திரள்வதற்குக் ‘குழுமுரிமை’, அமைப்பாவதற்கு ‘இணையுரிமை’ என்க. இரண்டும் வினைத்தொகையாதலால் முக்காலத்தையும் தாங்கும்.

*

ஐயா,

தங்கள் ‘இணையுரிமை’யை நேற்று வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். முதல் வரிசை மாணவி அதை ‘இணைய உரிமை’ என்று படித்துவிட்டு, துனிசியாவில் இணையத்தை முடக்கினார்களா என்று கேட்டாள்.

இரண்டு உரிமைக்கும் தனித்தனிச் சொல் வேண்டுமென்பதில் தங்களோடு உடன்படுகிறேன். ஏனெனில் அமைப்புகளுக்குப் புதுச் சட்டம் வந்த பின்னும், பொதுக்கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் 1969ஆம் ஆண்டின் பழைய சட்டமே தொடர்ந்தது. ஆனால் என்னை அதிகம் வருத்துவது ‘தெரிவித்தல்’ என்ற எளிய சொல்தான். அமைப்புகளுக்கு முன்பிருந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் தெரிவிக்கத்தான் செய்தார்கள். விண்ணப்பத்தை வாங்கியதற்கு அதிகாரிகள் சீட்டுத் தர மறுத்தபோது, சீட்டில்லாத அமைப்பு சட்டத்தின் கண்ணில் பிறக்கவேயில்லை. அதனால்தான் 88ஆம் ஆணைச்சட்டம் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி, 30 நாளில் அட்டை திரும்பாவிட்டாலும் கடிதம் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்றது. ‘ஒப்புகை அட்டை’ நம் அஞ்சலகத்தில் நெடுங்காலம் புழங்கிய சொல். அதற்கு எவரும் வேர் தேடவேண்டியதில்லை.

குழுவில் பெரும்பாலோர் கருத்துப்படி ‘ஒன்றுகூடும் உரிமை’, ‘அமைப்பாகச் சேரும் உரிமை’ என்றே அனுப்புகிறேன். நீளந்தான்.

*

அம்மையீர்,

அனுப்புங்கள். இல்லாத அகரத்தைச் சேர்த்துப் படித்தது சொல்லின் குற்றமன்று. ‘இணையுரிமை’யை நான் கைவிடவில்லை.