லாக் ரொட்டேஷன்: ‘பதிவுச் சுழற்சி’யா, வேறு சொல்லா?

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸில் நிரல்கள் தம் நடப்புகளை எழுதிவைக்கும் லாக் கோப்புகளை அவ்வப்போது மாற்றிவைக்கும் நிரல் லாக்ரொட்டேட். அதன் கையேட்டைத் தமிழாக்கும்போது தலைப்பிலேயே முட்டுகிறது. வரைவில் ‘பதிவுச் சுழற்சி’ என்று இருக்கிறது. இரண்டு சொல்லுமே உறுத்துகின்றன.

ரெஜிஸ்ட்ரேஷன், ரெக்கார்டிங், வலைப்பதிவு என்று ‘பதிவு’ ஏற்கெனவே பல பேருக்குப் பங்கு பிரித்துக் கொடுத்த சொல். லாகினுக்குத் தமிழ் விக்கிப்பீடியா ‘புகுபதிகை’ என்று வைத்திருக்கிறது. அதை ஒட்டி லாகுக்கு ‘பதிகை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். (அகராதியை மட்டும் நம்பினால் ‘மடக்கைக் கோப்பு’ வந்து நிற்கும். கணக்குப் பாடத்து லாக் அது.)

சுழற்சிக்கு என்ன செய்வது?

---

> சுழற்சிக்கு என்ன செய்வது?

எடுத்துவிடலாம். அங்கே எதுவும் சுழல்வதில்லை. நடப்பது இதுதான்: ஆக்சஸ்.லாக் என்ற கோப்பின் பெயர் ஆக்சஸ்.லாக்.1 ஆகிறது. பழைய 1 ஏற்கெனவே 2 ஆகியிருக்கும், 2 அதற்கு முன்பே 3 ஆகியிருக்கும். கடைசியில் இருப்பது அழிகிறது. காலியாக ஒரு புது ஆக்சஸ்.லாக் பிறக்கிறது. போனது எதுவும் திரும்பி வராது.

சொல் தவறாக இருப்பதால் வேலையும் தவறுகிறது. ‘சுழற்சி’ என்று படிப்பவர் ஏதோ தானாகச் சுற்றுகிறது என்று நினைத்து, எழுதிக்கொண்டிருக்கும் நிரலை மறந்துவிடுகிறார். லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, ஐநோடு (வட்டில் கோப்பை அடையாளம் காட்டும் உள்பதிவு) வேறு. பெயரை மாற்றினாலும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையக நிரல், தான் முன்பு திறந்த ஐநோடில்தான் எழுதிக்கொண்டே இருக்கும், அதாவது ஆக்சஸ்.லாக்.1-இல். புதுக் கோப்பு பூஜ்ஜியம் பைட்டாகக் கிடக்கும். பிறகு ஜிஜிப் என்ற சுருக்கும் நிரல் அந்த 1-ஐச் சுருக்கி, மூலத்தை அழிக்கும். நிரலோ பெயரே இல்லாத கோப்பில் தொடர்ந்து எழுதும். வட்டில் மீதி இடம் காட்டும் டிஎஃப் கட்டளை, வட்டு நிரம்பிவிட்டது என்று சொல்லும். கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ கட்டளை எண்ணிப் பார்த்தால் பாதிகூட வராது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ‘பிளஸ் எல் ஒன்று’ தெரிவோடு ஓட்டினால், அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்புகள் பட்டியலாக வரும். அங்கே ஆள் பிடிபடும்.

அதனால்தான் அமைப்புக் கோப்பில், மாற்றிய பின் ஓட்டவேண்டியதைச் சொல்லும் போஸ்ட்ரொட்டேட் பகுதி. அங்கே என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1 சமிக்ஞை, கணினியின் பதிகைகளைத் திரட்டும் ஆர்சிஸ்லாகுக்கு எச்யூபி. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: பழைய ஏட்டை மூடு, புது ஏட்டைத் திற. என்ஜின்எக்ஸ் தன் கட்டளைக்கே ரொட்டேட் என்று பெயர் வைக்கவில்லை, ரீஓப்பன் என்றுதான் வைத்திருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் இந்த வேலையைச் செய்யும் நிரலின் பெயர் நியூசிஸ்லாக். அதிலும் சுழற்சி இல்லை, ‘புது’தான் இருக்கிறது.

என் முன்மொழிவு: பதிகைக் கோப்பு ‘பதிகை ஏடு’. வினை ‘ஏடு மாற்று’, பெயர் ‘ஏடுமாற்றம்’.

---

ஏடு நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் மூன்று ஐயங்கள்.

ஒன்று, டேப் ரொட்டேஷன், கீ ரொட்டேஷன் என்று ரொட்டேஷன் வேறு இடங்களிலும் வருகிறதே. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இடத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்லா?

இரண்டு, கடைக்காரர்கள் பழைய பேரேட்டை மூடிப் புதுசு தொடங்குவதற்கு ‘புதுக்கணக்கு’ என்ற அருமையான சொல் இருக்கிறது. அதை ஏன் விடவேண்டும்?

மூன்று, காப்பிட்ரங்கேட் என்ற தெரிவைப் போட்டால் ஏடு மாறுவதே இல்லையே. அதே ஐநோடு.

---

> இடத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்லா?

ஆமாம், வினை வேறென்றால் சொல்லும் வேறாகத்தான் இருக்கவேண்டும். காப்பு நாடாக்களில் திங்கட்கிழமை நாடா அடுத்த திங்கட்கிழமை மறுபடி இயந்திரத்துக்குள் போகிறது; அது மெய்யாகவே சுழற்சி, அங்கே வைத்துக்கொள்ளலாம். சாவியில் பழையது செல்லாது, புதியது வரும்: ‘சாவி மாற்றம்’. அதுவும் நம் ‘மாற்று’ பக்கம்தான் நிற்கிறது.

> ‘புதுக்கணக்கு’

சொல்லின் மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கணினியில் கணக்கு என்றால் யூசர் அக்கவுண்ட். ‘சர்வரில் தினமும் நள்ளிரவு புதுக்கணக்கு தொடங்கும்’ என்று எழுதினால் பாதுகாப்புக் குழு ஓடி வந்துவிடும்.

> காப்பிட்ரங்கேட்

சரியான கேள்வி. இங்கே ஏட்டைப் படியெடுத்துவிட்டு, மூலத்தைப் பூஜ்ஜியமாக வழித்துவிடுகிறது. ‘படியெடுத்து வழித்தல்’ என்று தனியாகவே பெயர் வைப்போம், ஏடுமாற்றத்தின் ஒரு வகை என்று சொல்லவேண்டாம். இதில் இரண்டு ஆபத்துகளைக் கையேடு சொல்லியே ஆகவேண்டும். படியெடுத்ததற்கும் வழித்ததற்கும் நடுவே எழுதப்பட்ட வரிகள் தொலையும். அடுத்தது, நிரல் கோப்பை அப்பெண்ட் முறையில் (எப்போதும் கடைசியில் சேர்த்து எழுதும் முறை) திறக்காமல் இருந்தால், வழித்த பிறகும் பழைய இடத்திலிருந்தே எழுதும். முன்பகுதி வெற்றிடமாகும், கோப்புப் பட்டியல் தரும் எல்எஸ் பழைய அளவையே காட்டும், டியூ சிறிதாகக் காட்டும், தேடும் கட்டளையான கிரெப் அதை பைனரிக் கோப்பு என்று சொல்லும். மறுபடி திறக்கத் தெரியாத நிரல்களுக்கு மட்டும் இதைக் கடைசி வழியாகப் பரிந்துரைக்கலாம்.

மற்ற தெரிவுகள்: கம்ப்ரெஸ் ‘சுருக்கு’, டிலேகம்ப்ரெஸ் ‘ஒரு முறை தள்ளிச் சுருக்கு’. ‘தாமதச் சுருக்கம்’ என்றால் எவ்வளவு தாமதம் என்று தெரியாது. அடுத்த ஏடுமாற்றம் வரை என்பதுதான் அங்கே முக்கியம்.

சைஸ் என்பதை வெறும் ‘அளவு’ என்று விட்டால் ஆளைக் கவிழ்க்கும். சைஸ் 100எம் என்று எழுதியவர், நூறு எம்பி ஆனதும் ஏடு மாறும் என்று நம்புவார். லாக்ரொட்டேட் பின்னணியில் காத்திருக்கும் நிரல் அன்று. பெரும்பாலான லினக்ஸ்களில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானோ சிஸ்டம்டி டைமரோ அதை நாளுக்கு ஒருமுறைதான் எழுப்பும். நடுவில் ஐந்து ஜிபி ஆனாலும் கேட்பாரில்லை. அளவு பார்க்கவேண்டுமென்றால் டைமரை மணிக்கு ஒருமுறை ஆக்கவேண்டும். அதோடு, டெய்லி, வீக்லிக்குப் பிறகு சைஸ் போட்டால் அவை செல்லாது. இரண்டில் எது முந்தினாலும் மாறவேண்டும் என்றால் மேக்ஸ்சைஸ். ஆகவே சைஸ் ‘அளவு மட்டும்’, மேக்ஸ்சைஸ் ‘அளவு வரம்பு’ என்று பிரித்துச் சொல்லலாமா?

இந்தத் தமிழ்ப் பெயர்கள் விளக்கத்துக்கு மட்டும். அமைப்புக் கோப்பில் குறிச்சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தால்தான் நிரலுக்குப் புரியும் என்பதை முன்னுரையிலேயே போட்டுவிடுங்கள்.

---

ஏற்கிறேன். பட்டியலைத் திருத்துகிறேன்.

எடுத்துக்காட்டுப் பகுதியில் ஒரு பிழை கண்ணில் பட்டது. வரைவில் பாதை, என்ஜின்எக்ஸ் அடைவுக்குப் பின் வெறும் நட்சத்திரக் குறியோடு முடிகிறது. அப்படி விட்டால் ஏற்கெனவே மாற்றிய ஏடுகளும் பிடிபடும்: ஆக்சஸ்.லாக்.1 மறுநாள் ஆக்சஸ்.லாக்.1.1 ஆகும், அடுத்த நாள் வால் இன்னும் நீளும், எதுவும் உரிய நாளில் அழியாது. ‘நட்சத்திரம் புள்ளி லாக்’ என்று மாற்றிவிட்டேன்.

முதல் பத்தி இப்போது இப்படி: “லாக்ரொட்டேட், பதிகை ஏடுகளைக் குறித்த காலத்திலோ அளவிலோ மாற்றும்; பழைய ஏடுகளைச் சுருக்கும்; எண்ணிக்கை மீறியவற்றை அழிக்கும். ஏடு மாறியதை, எழுதும் நிரலுக்குத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. சோதிக்க முதலில் மைனஸ் டி தெரிவோடு ஓட்டுங்கள். என்ன செய்யும் என்று சொல்லும், எதையும் செய்யாது.”

---

‘காலத்திலோ அளவிலோ’ என்பதை ‘காலம் வந்ததும் அல்லது அளவு மீறியதும், தான் ஓட்டப்படும்போது’ என்று ஆக்குங்கள். மற்றபடி சரி, ஏற்றிவிடலாம்.