இருதயம் பலவீனமான அப்பாவுக்கு சீனி எவ்வளவில நிக்கோணும்?

முள்ளியவளைப் பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். அப்பாக்கு 71 வயசு, சீனி வருத்தம் வந்து பதினைஞ்சு வருசத்துக்கு மேல. போன மாசம் ஒருநாள் ராத்திரி படுக்க ஏலாம எழும்பி இருந்து மூச்சு வாங்கினவர், காலும் வீங்கி அமத்தினா குழி விழுந்தது, 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சுக் கொண்டுபோனம். எக்கோ எடுத்திட்டு இதயம் பம்ப் பண்றது 30 வீதம்தான் எண்டினம். அண்டைக்கு சீனி 312. இப்ப வீட்டில, காலமை வெறும் வயித்தில 140, 150 நிக்குது, மூண்டு மாசச் சராசரியைக் காட்டுற சீனி (HbA1c) 7.6 வீதம். கனடாவில இருக்கிற அண்ணா யூரியூப்பில என்னத்தையோ பாத்திட்டு 100க்குக் கீழ கொண்டுவராட்டி இதயம் இன்னும் பழுதாகும், ஆள் கனகாலம் இருக்கமாட்டார் எண்டு ஒவ்வொருநாளும் கோல் எடுத்துக் கத்துறார். அம்மா பயந்துபோய் ராவில சோறு புட்டு ஒண்டும் குடுக்காம விட்டா, முந்தநாள் விடியப்புறம் குத்திப் பாக்க 58. சீனி கூடினா ஆயுள் குறையும் எண்டது உண்மையோ?

வவுனியா அக்கா:
தங்கச்சி, முதல்ல ராச்சாப்பாட்டைக் குடுங்கோ. மெடிக்கல் வார்ட்டில கனகாலம் நேர்ஸா நிண்டவள் நான், சீனி கூடி வந்த ஆக்களை விட சீனி இறங்கி மயங்கி வந்த கிழவர்மார்தான் எனக்குக் கூடப் பயம் காட்டினது.

அந்த 312 ஐப் பாத்துப் பதறாதேங்கோ. மூச்சுக்குப் போராடேக்க உடம்பு அட்ரினலின், கோட்டிசோல் எல்லாத்தையும் கொட்டும், அதோட சீனி ஏறும், சீனி வருத்தம் இல்லாத ஆக்களுக்கே ஏறும். வந்த அண்டைக்கு சீனி கூடி நிண்ட இருதய நோயாளருக்கு அடுத்த ஒரு மாசத்தில ஆபத்துக் கூட எண்டு ஆய்வுகளில கண்டிருக்கினம்தான், ஆனா அதில பாதி இதயம் எவ்வளவு மோசமா இருந்தது எண்டதைக் காட்டுற நம்பர்.

மூண்டு மாசச் சீனி வேற கதை. 2009ல அமெரிக்காவில பழைய படைவீரர்களை, சீனியும் இதய பலவீனமும் சேந்து இருக்கிற 5815 பேரைப் பாத்தவை. குறைவாச் செத்தது ஆர் தெரியுமோ, 7.1க்கும் 7.8க்கும் இடையில நிண்டவை. அதுக்கு மேல போனாலும் சாவு கூட, கீழ போனாலும் கூட. உங்கட அப்பா சரியா அதுக்குள்ளதான் நிக்கிறார். அதைவிட முதல் 2008ல ஒரு பெரிய ஆய்வில மூண்டு மாசச் சீனியை 6க்குக் கீழ இறக்கப் பாத்த ஆக்களில சாவு கூடினதால அந்தப் பிரிவை இடையிலயே நிப்பாட்டினவை. அண்ணாக்கு இதைச் சொல்லுங்கோ.

அந்த 58 ஐக் கொப்பியில எழுதி அடுத்த கிளினிக் மட்டும் பாத்துக்கொண்டு இருக்காம இப்பவே டொக்டரிட்டச் சொல்லுங்கோ. குளிசையை நீங்களாக் குறைக்கவும் வேண்டாம்.

பரந்தன் பெடியன்:
அக்கா சொல்றது நூறு வீதம். எங்கட அம்மா வட்டப்பளைப் பொங்கலுக்கு நேந்து விரதம் இருந்தவ, குளிசையை மட்டும் விடாமப் போட்டிருக்கிறா. பின்னேரம் பாத்தா கதை குழறுது, சட்டை எல்லாம் வேர்வை, நாங்கள் வெயில் எண்டு நினைச்சம். குத்திப் பாக்க 46. மூண்டு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து 15 நிமிசம் கழிச்சுத் திரும்பப் பாத்தம், பேந்து ஆஸ்பத்திரிக்கு. அங்கதான் சொன்னவை, இதயத்துக்குக் குடுக்கிற பைசோப்ரொலோல், காவெடிலோல் போடுற ஆக்களுக்கு சீனி இறங்கேக்க நடுக்கம், படபடப்பு வடிவாத் தெரியாதாம், வேர்வை மட்டும்தான் ஊத்துமாம்.

ஊரான்:
பனங்கட்டியோட பிளேன்ரீ குடிக்கச் சொல்லுங்கோ, அது சீனியைக் கூட்டாது. இங்கிலீஷ் மருந்தைக் குறைச்சாலே பாதி வருத்தம் போயிடும்.

வவுனியா அக்கா:
ஐயா, பனங்கட்டியும் சீனிதான், பனையில இருந்து வந்தா இரத்தத்துக்குத் தெரியவோ போகுது. மருந்தை நிப்பாட்டச் சொல்லி எழுதாதேங்கோ, தயவுசெய்து.

முள்ளியவளைப் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. அம்மாக்கு வாசிச்சுக் காட்டினனான், இரவு இரண்டு துண்டு குரக்கன் புட்டு அவிச்சுக் குடுத்தவ. இன்னொண்டு கேக்கோணும், எம்பாகிளிபுளோசின் எண்டு ஒரு குளிசை வெளில பாமசியில வாங்கச் சொல்லித் துண்டு தந்தவை, விலை கூட. அது சீனிக் குளிசை எண்டு பாமசியில சொன்னாங்கள். சீனிதான் பரவாயில்லையே, பேந்தென்னத்துக்கு?

வவுனியா அக்கா:
அதை விடாதேங்கோ. பேர்தான் சீனிக் குளிசை. அந்தக் குடும்பத்து இன்னொரு மருந்தான டபாகிளிபுளோசினை 2019ல இதய பலவீனக்காரர் 4744 பேரில பாத்தவை, அதில பாதிக்கு மேல ஆக்களுக்கு சீனி வருத்தமே இல்லை, அவைக்கும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வாறதும் இதயத்தால சாகிறதும் குறைஞ்சது. அடுத்த வருசம் உங்கட எம்பாகிளிபுளோசினிலயும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வாறது குறைஞ்சது. அது சீனியையும் உப்பையும் சலத்தோட வெளியேத்தும். அதால கீழ்ப்பக்கம் கழுவித் துப்புரவா வச்சிருக்கோணும், பங்கஸ் வரும். வாந்தி வயித்தோட்டம் வந்தாலோ, சாப்பிடாம இருந்தாலோ அண்டைக்கு அதைப் போடாம உடனே டொக்டரிட்டக் கேளுங்கோ. சித்திரை வெயிலுக்குள்ள வயலுக்கு விடாதேங்கோ. மற்றது பழைய கொப்பியில பியோகிளிட்டசோன் இருக்கோ எண்டும் பாருங்கோ, அது தண்ணியைத் தேக்கும், இவருக்கு ஆகாது.

மீட்டரை விட எனக்கு முக்கியம் நிறை. ஒவ்வொரு காலமையும் சலம் போனபிறகு நிறுங்கோ, மூண்டு நாளில இரண்டு கிலோ ஏறினா கிளினிக் திகதி பாக்காம கொண்டுபோங்கோ. கருவாடு, ஊறுகாய், சோடா மூண்டும் வேண்டாம்.

முள்ளியவளைப் பிள்ளை:
பியோகிளிட்டசோன் இல்லை அக்கா, பாத்திட்டன். 58 ஐச் சொன்னோடன டொக்டர் இரவுக் குளிசையைப் பாதியாக்கினவர், இண்டைக்குக் காலமை 134. வீட்டில நிறுக்கிற மெசின் இல்லை, முன்வீட்டு நெல்லு வாங்குற கடைத் தராசிலதான் அப்பாவை ஏத்தினம். 61 கிலோ. கடைக்கார அண்ணை “ஈரப்பதமும் பாக்கட்டோ?” எண்டு பகிடி விட, அப்பா ஒரு மாசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் சிரிச்சவர்.