அம்மாயி வீட்டுக் குழு: ஞாயித்துக்கிழமை மோர்ப்பந்தல்

வெள்ளிக்கிழமை

சித்தப்பா குகை (சேலம் குகைப் பகுதி), இரவு 8:12
எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு நம்ம தெருமுனையில நீர்மோர் பந்தல் போடறோம். அக்னி மே 4 தான் ஆரம்பம், அதுக்குள்ளயே வெயில் மண்டையப் பொளக்குது. 100 டம்ளர் கணக்கு. போன வருஷம் மாதிரி ஆகக் கூடாது.

நித்யா, 8:13
போன வருஷம் என்ன ஆச்சுப்பா? நான் ஹாஸ்டல்ல இருந்தேன்

சித்தி, 8:13
கேக்காத

நான், 8:14
11 மணிக்கு மேல மோர் கசக்க ஆரம்பிச்சுடுச்சு. ஒருத்தரு முழுசாக் குடிச்சிட்டு "கசாயம் நல்லா இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு

சித்தப்பா குகை, 8:15
அது தயிரோட கோளாறு

அம்மா, 8:16
தயிர் மேல பழியப் போடாதீங்க. முந்தின ராத்திரியே பச்சை இஞ்சிய அரைச்சு தயிர்ல கலந்து வச்சது யாரு?

சித்தப்பா குகை, 8:17
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஏற்காடு மாமா, 8:17
நான் படிச்சிட்டேன் மாப்ள

நித்யா, 8:20
பெரியம்மா சொல்றது சரி. பச்சை இஞ்சியில ஒரு நொதி இருக்கு. பால்ல இருக்கற புரதத்த துண்டு துண்டா வெட்டும். நேரம் ஆக ஆக அந்தத் துண்டுங்கதான் கசக்கும். இஞ்சிய சூடு பண்ணிட்டா நொதி செத்துடும்

சித்தப்பா குகை, 8:21
காசு கட்டிப் படிக்க வச்சா அப்பனையே மாட்டி விடுது

அம்மாயி, 8:26
வாய்ஸ் மெசேஜ் 0:52

நான், 8:31
மாமாவுக்கு சிக்னல் இருக்காது, அம்மாயி பேசுனத எழுதிடறேன். "இஞ்சியத் தட்டி கொதிக்கற தண்ணியில போட்டு, ஆறுனதும் வடிகட்டி வச்சுக்கோணும் சாமி. ஊத்தப் போறப்பத்தான் மோர்ல சேர்க்கோணும். எங்கம்மா அப்படித்தான் செய்யும். நொதியாவது கிதியாவது."

நித்யா, 8:32
அம்மாயி, நீங்க கொல்றதுதான் அந்த நொதி

ஏற்காடு மாமா, 8:40
சிக்னல் இருக்குது. தயிர் நான் கொண்டாரட்டா? இங்க புளிக்காம அருமையா இருக்கும். கீழ விட 8 டிகிரியாவது கம்மி

அம்மா, 8:41
புளிக்காது சரி, உறையுமாண்ணா? போன தடவ வந்தப்ப ராத்திரி உறை ஊத்துனது காலையில பாலாவே இருந்துச்சு. சொம்ப அரிசிப் பானைக்குள்ள வச்சு போர்வை போர்த்தி, மத்தியானம்தான் உறைஞ்சுது

சித்தி, 8:42
உறைஞ்சாலும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர்றதுக்குள்ள வெண்ணெயாத் திரண்டுடும்

ஏற்காடு மாமா, 8:43
சரி சரி. மிளகு மட்டும் கொண்டாரேன். எங்க சவுக்கு மரத்துல ஏறுன கொடி

ஏற்காடு மாமா, 8:43
சில்வர் ஓக் மரம். விரல் தப்பா அடிச்சிடுச்சு

சனிக்கிழமை

அம்மா, காலை 7:05
கணக்கு போட்டுட்டேன். ஒரு டம்ளர் 150 மில்லி, 100 டம்ளருக்கு 15 லிட்டர். தயிர் 3, தண்ணி 12. இஞ்சி 150 கிராம், பச்சை மிளகாய் 20, விதை எடுத்துட்டு. கறிவேப்பிலை நாலு கை, கொத்தமல்லி ஒரு கட்டு, எலுமிச்சம்பழம் 5. பெருங்காயம் ஒன்றரை டீஸ்பூன், வெந்நீர்ல கரைச்சுட்டு ஊத்தணும், இல்லன்னா ஒருத்தர் டம்ளர்லயே கட்டியாப் போய் உக்காந்துக்கும். உப்பு முதல்ல 80 கிராம் போட்டு ருசி பாத்துக்கலாம்

சித்தி, 7:09
தாளிக்க வேண்டாமா?

அம்மா, 7:10
சாதத்துக்கு ஊத்துற மோருக்குத் தாளிக்கலாம். குளுந்த மோர்ல எண்ணெய் மிதந்தா உதட்டுல ஒட்டும். எனக்குப் பிடிக்காது

அக்கா அகமதாபாத், 7:31
இங்க சாஸ்ல வறுத்த சீரகப் பொடியும் கருப்பு உப்பும் போடுவாங்க, கொஞ்சம் புதினா. மத்தியானம் சாப்பாட்டோடயே ஒரு டம்ளர் வந்துடும். அது மாதிரி பண்ணிப் பாருங்களேன்

சித்தப்பா குகை, 7:34
மோர்ல எதுக்கும்மா சாஸ்? பஜ்ஜிக்குத்தான தக்காளி சாஸ்

அக்கா அகமதாபாத், 7:35
சித்தப்பா!!! மோருக்கே இங்க பேரு சாஸ்

அம்மா, 7:37
கருப்பு உப்பு அவிச்ச முட்டை வாசம் அடிக்கும். கோயிலுக்குப் போறவங்களும் குடிப்பாங்க, வேண்டாம். வறுத்த சீரகம் நல்ல யோசனை, அத எடுத்துக்கறேன்

சித்தப்பா குகை, 9:50
படம்
பரண்ல இருந்து இறக்கிட்டேன். மாமனார் காலத்து பித்தளை அண்டா. புளி போட்டுத் தேய்ச்சதும் தங்கம் மாதிரி மின்னுது. இதுலதான் மோர்

அம்மாயி, 9:52
வாய்ஸ் மெசேஜ் 0:09

நான், 9:53
இத எழுத வேண்டியதில்ல, தெருவுக்கே கேட்டிருக்கும்

அம்மா, 9:55
ஈயம் போயி எத்தனை வருஷம் ஆச்சு அந்த அண்டாவுக்கு? புளிப்பு பட்டா களிம்பு ஏறிடும். ஊரே வாந்தி எடுக்கும்

ஏற்காடு மாமா, 10:15
ஏன் மாப்ள, சேலம் ஸ்டீல் பிளான்ட்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன மனுசன் வீட்டுல ஒரு எவர்சில்வர் அண்டா கிடையாதா?

சித்தப்பா குகை, 10:16
இருக்குது. அழகா இல்ல

சித்தி, 10:17
பித்தளையில பூ வச்சு பந்தல் முன்னாடி வைங்க. கலக்குறது எவர்சில்வர்ல, ஊத்துறது மண்பானையில இருந்து

நித்யா, 10:22
பானை புதுசுன்னா இப்பவே தண்ணி ஊத்தி ஊற வைங்க. நாளைக்கு கீழ ஈர மணல் கொட்டி, நிழல்லயும் காத்து வர்ற இடத்துலயும் வைக்கணும், சுத்தி ஈரச் சாக்கு. நம்மூரு காஞ்ச காத்துக்கு நல்லாவே குளுரும். ஐஸ் பார் வாங்கி உள்ள போட்டுடாதீங்க, அது மீன் பொட்டிக்குப் போறது

அம்மா, 10:25
தண்ணிய ராத்திரியே காய்ச்சி ஆற வைக்கணும், 12 லிட்டரும். மோருல அஞ்சுல நாலு பங்கு தண்ணிதான்

நான், இரவு 10:02
3 லிட்டர் பால் காய்ச்சி, கை பொறுக்கற சூட்டுல உறை ஊத்தியாச்சு. அம்மாயி பக்கத்துலயே நின்னு பாத்துச்சு. ஒரு சின்னக் கரண்டிக்கு மேல விடல. "இந்தப் புழுக்கத்துல அதிகம் விட்டா விடியறதுக்குள்ள கள்ளு மாதிரிப் புளிச்சுக்கும்"

ஞாயித்துக்கிழமை

அம்மா, காலை 4:40
உறைஞ்சிடுச்சு. ஃபிரிட்ஜுல வச்சிட்டேன். 8 மணிக்கு மத்தால கடைஞ்சு வெண்ணெய எடுத்துடலாம். யாரும் மிக்ஸியத் தொடாதீங்க

அப்பா, 4:41
இந்நேரத்துக்கு யாரு எந்திரிச்சிருக்கப் போறாங்க

அம்மாயி, 4:41
நான்

ஏற்காடு மாமா, 9:20
அடிவாரத்துல நிக்கறேன். கோடைக்கு மேல ஏறுற வண்டி நெரியுது, இறங்குறதுக்கே ஒன்றரை மணி நேரம். மிளகு பத்திரமா இருக்குது

நான், 10:05
படம்
ரெண்டு பானை. மல்லித்தழை போட்டது பச்சை மிளகாய். சின்னப் பானை குழந்தைங்களுக்கு, காரம் இல்லாம மாமா மிளகு ஒரு துளி. பித்தளை அண்டாவுல செவ்வந்திப் பூ

சித்தி, 10:50
அதே ஆளு வந்தாரு. கசாயம்

நான், 10:51
என்ன சொன்னாரு?

சித்தி, 10:53
ஒண்ணும் சொல்லல. மூணு டம்ளர் குடிச்சாரு

அக்கா அகமதாபாத், 11:30
சீரகம் தெரியுதா?

சித்தி, 11:31
வாசம் தெருமுனை வரைக்கும் தெரியுது கண்ணு

சித்தப்பா குகை, மதியம் 12:18
படம்
காலி. பானையக் கவுத்தாச்சு. 100 டம்ளர்னு போட்ட கணக்கு, 130 பேருக்கு வந்துச்சு

அம்மா, 12:19
எப்படி 130?

நித்யா, 12:20
அப்பா நடுவுல 4 லிட்டர் தண்ணி ஊத்தினாரு. உப்பும் எலுமிச்சையும் சேத்து சரிக்கட்டிட்டேன்

அம்மாயி, 12:31
வாய்ஸ் மெசேஜ் 0:06

நான், 12:33
அம்மாயி கேக்குது: வீட்டுக்கு உறைமோர் ஒரு கரண்டி எடுத்து வச்சீங்களா?

சித்தப்பா குகை, 12:34
...

அம்மா, 12:35
நான் கடையறப்பவே சொன்னனே

சித்தி, 12:36
எங்க வீட்டுலயும் இல்லக்கா, இருந்த தயிரும் பானைக்குத்தான் வந்துச்சு

அம்மாயி, 12:38
வாய்ஸ் மெசேஜ் 0:14

நான், 12:40
"எதுத்த வீட்டுல ஒரு கரண்டி வாங்கியாங்க. இப்பவே போங்க. விளக்கு வச்சதுக்கப்புறம் கேட்டா தரமாட்டாங்க."

சித்தப்பா குகை, 12:41
சொம்போட கிளம்பிட்டேன்