பிறவியிலேயே கெட்ட இனம்: உங்கள் மேசையில் என்ன நடந்தது?

குகைவாசல் (திரி தொடங்கியவர்):

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறவர்கள், கதைக்காகச் சொந்த உலகம் கட்டுகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். ஓர்க், கோப்ளின், ட்ரோ (எல்ஃப் என்ற கூர்ங்காது இனத்தின் கருப்புக் கிளை) என்று, பிறந்தாலே கெட்டவை என விதிப் புத்தகம் சொல்லும் இனங்களோடு உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979-இல் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' சாகசத்தை நான் டி.எம். (கதையை விவரித்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஆக இருந்து நடத்தினேன். எல்லையில் ஒரு கோட்டை, கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அதன் இரு பக்கமும் குகைகள். கோபோல்டுக்கு (குள்ளமான ஓர் இனம்) ஒன்று, ஓர்க்குக்கு இரண்டு, கோப்ளினுக்கு ஒன்று. ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, குட்டிகள் எத்தனை என்று கணக்கும் கொடுத்திருக்கிறார்கள். கோபோல்ட் குட்டிகள் தாக்க வராது என்ற குறிப்பு கூட உண்டு.

எங்கள் ஆட்கள் காவலுக்கு நின்ற கோபோல்டுகளை வீழ்த்திவிட்டு உள்ளறைக்கு வந்தார்கள். கரி பிடித்த சட்டி, அதைக் கிளறிக்கொண்டிருக்கும் ஒரு கிழவி, மூட்டைகளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்ட குட்டிகள் என்று விவரித்தேன். பாலடின் (தர்மத்துக்காகப் போரிடும் வீரர்) கேரக்டர் ஆடும் பெண் உருட்டப்போன பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "சட்டியில என்னண்ணா இருக்கு?" என்றாள்.

"சோளம்."

"குகைக்குள்ள சோளம் எப்படி வந்துச்சு?"

"வியாபாரிங்க வண்டியில அடிச்சது."

"விதைக்க நிலம் இல்லையா இவங்களுக்கு?"

புத்தகத்தில் இதற்குப் பதில் கிடையாது. மேட்டுநிலத்தைக் கோட்டைக்காரர்கள் வளைத்துக்கொண்ட கதை அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. மீதி ஆட்டம் முழுக்க கோட்டைத் தலைவருக்கும் கோபோல்ட் தலைவனுக்கும் நடுவே வழிச்சுங்கப் பேச்சுவார்த்தை. எங்கள் குழு இன்றைக்கும் எடுத்துப் பேசுவது அந்த ஆட்டத்தைத்தான். பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. காரணம் இல்லாத எதிரியோடு சண்டை மட்டும்தான் போட முடியும். இதில் எனக்கு ரொம்ப உறுதியான கருத்து உண்டு, மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கவே இந்தத் திரி.

மேற்குக்காற்று:

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் ஓர்க்குகளிடமே இது தொடங்கிவிடுகிறது. அதன் இரண்டாம் பாகமான 'தி டூ டவர்ஸ்' கடைசியில் ஷாக்ராட், கோர்பாக் என்று இரண்டு ஓர்க் தலைவர்கள் பேசிக்கொண்டே நடப்பார்கள், கதாநாயகனின் தோழன் சாம் மறைந்திருந்து கேட்பான். மேலிடத்தைத் திட்டுகிறார்கள். சண்டை முடிந்தால் நம்பிக்கையான நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, பெரிய தலைகளே இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடலாம் என்கிறார்கள். போய்ச் செய்யப்போவது கொள்ளைதான், அதில் மயக்கம் வேண்டாம். ஆனாலும் நைட் ஷிப்ட் முடித்து பஸ்சில் அதைப் படித்தபோது எங்கள் ஆபீஸ் பேச்சையே கேட்பது போலிருந்தது. அதன்பின் ஓர்க் படையைக் கூட்டமாக வெட்டிச் சாய்க்கும் காட்சிகளைப் பழையபடி படிக்க முடியவில்லை. டோல்கீனுக்கும் கடைசிவரை இது தீரவில்லை. பிடிபட்ட எல்ஃப்களைச் சிதைத்து உருவாக்கியவர்கள் என்பது 'சில்மரில்லியன்' கதை. பிற்காலக் குறிப்புகளில் மனிதரிலிருந்து வந்தவர்களா, வெறும் விலங்குகளா என்று மாற்றி மாற்றி யோசித்திருக்கிறார். அவை 1993-இல் 'மார்காத்ஸ் ரிங்' தொகுப்பில் வெளிவந்தன.

கிளிக்சத்தம்:

எனக்கு எல்லாமே வார்கிராஃப்ட் 3 தான். 2002-இல் வந்த கம்ப்யூட்டர் கேம், நான் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து ஆடினேன். மனிதர்கள் பக்கம் ஆடும்போது இளவரசன் ஆர்தஸை நாம்தான் ஓட்டுகிறோம். ஸ்ட்ராத்தோம் ஊரில் நோய் பரவிவிட்டது, ஜனங்கள் எல்லாம் ஜாம்பியாக மாறப்போகிறார்கள் என்று அவனே அவர்களைக் கொல்லச் சொல்கிறான். க்ளிக் பண்ணுவது நம் கை. அதை முடித்து ஓர்க் பக்கம் வந்தால் அவர்கள் தலைவன் த்ரால் தன் ஜனத்தைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி இடம் தேடுகிறான். முந்தைய போரில் தோற்றபின் முகாம்களில் அடைபட்டுக் கிடந்த ஜனம். ஓர்க்குகளின் வெறிக்கு மன்னரோத் என்ற அரக்கனின் ரத்தத்தைக் குடித்ததுதான் காரணம். ஓர்க் வீரன் க்ராம் ஹெல்ஸ்க்ரீம் கடைசியில் அந்த அரக்கனைக் கொன்று தானும் சாகிறான், த்ரால் பக்கத்தில் இருக்கிறான். அந்தக் காட்சி ஓடியபோது பக்கத்து சீட்டு அண்ணன்கள் எல்லாம் என் ஸ்கிரீனைப் பார்க்க எழுந்து வந்துவிட்டார்கள். 1994-இல் வந்த முதல் கேமில் நாடு பிடிக்க வந்த கெட்டவர்களாக இருந்த ஓர்க் இதுதான்.

ஞாயிறுமட்டும்:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. வாரம் பூராவும் வேலையில் நியாய அநியாயம் பார்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலும் ஒவ்வொரு கோப்ளினுக்கும் குடும்பக் கதை வந்தால் தாங்காது. யோசிக்காமல் வாளை வீசுவதற்கும் ஓர் எதிரி வேண்டும்.

குகைவாசல்:

கட்டாயம் வேண்டும், அதற்குத்தான் பேய்களும் டெவில்களும் எழுந்து நடக்கும் எலும்புக்கூடுகளும் இருக்கின்றன. அவை தீமையாலேயே ஆனவை, யார் வயிற்றிலும் பிறந்தவை அல்ல. என் உலகில் அவற்றுக்கு ஈவு இரக்கமே கிடையாது, தாராளமாக வீசுங்கள். எனக்கு உறுத்துவது பாஷை, சமையல், தாலாட்டு எல்லாம் உள்ள ஒரு ஜனத்தை அந்த வரிசையில் நிறுத்துவது.

ஏழாவதுதம்பி:

நம் ஊர்ச் சரக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்தில் இருக்கிறது, தெரியுமா? 1977 'மான்ஸ்டர் மேனுவல்' (எதிரி உயிர்களின் பட்டியல் புத்தகம்) முதலே ராட்சசன் உண்டு. புலித்தலை, கோட்டு, வாயில் புகைக்குழாய். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு உயிருக்கும் 'எப்போதும்', 'பெரும்பாலும்', 'அடிக்கடி' என்று குணம் குறித்திருப்பார்கள். ஓர்க்குக்குக்கூட 'எப்போதும்' கிடையாது. ராட்சசனுக்கு 'எப்போதும்' கெட்டவன்.

கம்பராமாயணம் கேட்டு வளர்ந்த எனக்கு இது ஒத்துவரவே இல்லை. விபீஷணனை ராமன் ஏழாவது தம்பியாகச் சேர்த்துக்கொள்கிறானே! மகாபாரதத்தில் இடும்பி பீமனின் மனைவி, கடோத்கஜன் பாண்டவர்களுக்காகப் போரில் சாகிறான். எங்கள் டி.எம்.மிடம் இதையெல்லாம் சொல்லி, அண்ணனை விட்டு வந்த ஒரு ராட்சசனை என் கேரக்டராகக் கேட்டேன். யோசித்துவிட்டு, "உன்னை யாரும் நம்ப மாட்டாங்க, பரவாயில்லையா?" என்றார். அந்த ஒரு நிபந்தனையில் ஒரு கேம்பெயினே (பல ஆட்டங்களாகத் தொடரும் ஒரே கதை) ஓடியது. விபீஷணனைச் சேர்க்க வேண்டாம் என்று சுக்ரீவன் வாதிட்ட மாதிரியே எங்கள் குழுவின் மந்திரவாதி எனக்கு எதிராக வாதிட்டான்.

அத்தைவீடு:

ட்ரோ பற்றி யாரும் எழுதவில்லையே. அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. பழைய புத்தகத்தின் படங்களைப் புரட்டிக்கொண்டு வந்தவள் ட்ரோ பக்கத்தில் நின்றாள். மற்ற எல்ஃப்கள் வெளுப்பு, நல்லவர்கள். இவர்கள் கருப்பு, சிலந்தித் தேவதையைக் கும்பிடுகிறவர்கள், கெட்டவர்கள். படத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கருப்பா இருக்கறதாலயா அத்தை கெட்டவங்க?" என்று கேட்டாள். என்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ட்ரோ இனத்தில் பிறந்த ட்ரிஸ்ட் நல்லவன்தானே என்பார்கள். 1988 நாவலில் அறிமுகமானவன், எனக்கும் பிடித்தவன். ஆனால் ஊரை விட்டு ஓடிவந்த ஒருவனை மட்டும் நல்லவனாகக் காட்டினால், மீதிப் பேர் மேல் விழுந்த பழி இன்னும் அழுத்தமாகத்தானே விழுகிறது? ஓர்க்கையும் ட்ரோவையும் காட்டிய விதம் நிஜ மக்களை இழிவுபடுத்திய விதத்தை வேதனையாக நினைவூட்டுகிறது என்று இந்தப் புத்தகங்களை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே 2020-இல் ஒப்புக்கொண்டது. எனக்கு அந்த அறிக்கை ரொம்ப முக்கியம்.

புதுப்பகடை:

புதிய பதிப்பில் நிறைய மாறிவிட்டது. 2024 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கில் ஓர்க்கை நாமே கேரக்டராக எடுக்கலாம், 2025 'மான்ஸ்டர் மேனுவல்' பட்டியலில் ஓர்க் கிடையாது. ஆனால் நோல்களை (கழுதைப்புலித் தலை கொண்ட இனம்) இப்போது பேய் வகையில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் என் மேசையில் நோல் கூட்டம் ஒன்று ஊருக்குள் இறங்குகிறது. எப்படி நடத்தலாம், குகைவாசல் அண்ணா?

குகைவாசல்:

2014 புத்தகத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. யீனோகு என்ற அரக்கன் கொன்று போட்டதைத் தின்ற கழுதைப்புலிகள்தான் நோல்களாக மாறின. அப்படியென்றால் அவற்றுக்குக் குட்டி கிடையாது, கூடாரம் கிடையாது, பேரம் கிடையாது. அதை முதல் சண்டையிலேயே காட்டிவிடுங்கள், உங்கள் ஆட்கள் தயங்காமல் அடிப்பார்கள். குட்டி வைப்பதாக இருந்தால், அது என்ன தின்கிறது, யாரைக் கண்டு பயப்படுகிறது என்று ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாலடின் மாதிரி ஒருத்தி உங்கள் மேசையிலும் இருப்பாள், கேட்பாள்.

புதுப்பகடை:

குட்டி வைக்கிறேன் அண்ணா. ஆட்டம் முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.