கொட்டியாரக் குடாவைச் சுற்றித் துவிச்சக்கர வண்டியில்: எந்தத் திசையில் புறப்படுவது?

உவர்மலைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மைத்துனர்கள் இருவரும் ஓராண்டுக்கு மேலாக ஞாயிறு காலைகளில் திருகோணமலை உவர்மலையிலிருந்து நிலாவெளி, சில வாரங்களில் குச்சவெளி வரை துவிச்சக்கர வண்டியில் போய் வருகிறோம். அந்தக் கடற்கரை வீதி இப்போது எங்களுக்கு நன்கு பழகிவிட்டது. அடுத்ததாகத் தெற்கே திரும்பி, மகாவலி கடலோடு சேரும் அந்தப் பெரிய வயல்வெளியையும் அதைச் சுற்றியுள்ள பழைய ஊர்களையும் வண்டியிலேயே பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

நாங்கள் வகுத்திருக்கும் திட்டம் இது. ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டு, கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி வழியாகச் சேருவிலவை அடைந்து, அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் கந்தளாய் வீதியைப் பிடித்துத் தம்பலகாமம் வழியாகத் திரும்புவது. வெருகல் முருகனையும் தரிசிக்க வேண்டும் என்று என் மாமியார் நேர்ந்து சொல்லியிருக்கிறார்; அதை எந்த இடத்தில் சேர்ப்பதென்று தெரியவில்லை. எங்களிடம் இருப்பவை மெல்லிய ரயர் கொண்ட கியர் வண்டிகள். இந்தத் திசை சரியா, இந்தக் காலம் சரியா, இரண்டு நாட்கள் போதுமா என்பதை அந்தப் பக்கத்து மக்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தம்பலகாமத்தான் எழுதியது:

தம்பி, உங்கள் ஆசை நல்ல ஆசை. ஆனால் திசை, காலம், நாட்கணக்கு மூன்றையும் மாற்றச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் காலம். ஆகஸ்டில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அனலாக வீசும். திருகோணமலையிலிருந்து நீங்கள் எந்த வழியாகப் போனாலும் முதல் இருபது கிலோமீற்றரும் தென்மேற்கு நோக்கியதுதான். காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டே மிதிக்க வேண்டியிருக்கும். மார்கழியிலும் போக முடியாது, ஏனென்றால் மகாவலி பெருகினால் தாழ்வான வீதிகள் நீரில் மூழ்கிவிடும். மாசி மாதம் வாருங்கள். மழை ஓய்ந்து, வாடைக்காற்று தளர்ந்து, பெரும்போக வயல் முற்றிப் பொன்னிறமாகச் சாய்ந்து நிற்கும் காலம் அது. அப்போது புறப்பட்டால் மிச்சமிருக்கும் வாடையும் உங்களை முதுகில் தள்ளிவிடும்.

அடுத்தது திசை. இந்த வெளியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தண்ணீரின் வழியைப் பிடித்தே போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எனவே கிண்ணியாவில் தொடங்காதீர்கள், தம்பலகாமத்தில் தொடங்குங்கள். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்தபோது மறைத்துக் காக்கப்பட்ட திருவுருவங்கள் பின்னர் எங்கள் ஊரில்தான் ஆதிகோணநாயகராகக் கோயில் கொண்டன. கோயிலைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அந்த வயலுக்குப் பாயும் நீர் கந்தளாய்க் குளத்து நீர். ஆகவே கோயிலில் கும்பிட்டுவிட்டு, வாய்க்கால் வரும் திசையை எதிர்த்துக் குளத்தை நோக்கிப் போகிறீர்கள். அந்தக் குளத்தை 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. கோணேசர் கல்வெட்டு என்னும் பழைய நூலோ அதைக் குளக்கோட்டு மன்னனின் திருப்பணி என்று பாடுகிறது. எங்கள் வீடுகளில் குளக்கோட்டன் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தோம். அணைக்கட்டில் ஏறி நிற்கும்போது 1986 ஏப்ரல் 20 ஐயும் ஒரு கணம் நினையுங்கள். அன்று அதிகாலையில் இந்த அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நீரால் வாழும் நாடு நீருக்கு எவ்வளவு அஞ்சியும் வாழ வேண்டியிருக்கிறது என்பதை அந்த அணைக்கட்டில் நின்றுதான் நான் உணர்ந்தேன்.

சீனக்குடா வரை கவனம் தேவை. அங்குள்ள தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் பாரவூர்திகள் வீதி ஓரத்தைப் பார்ப்பதில்லை. திருகோணமலையிலிருந்து கந்தளாயை அடைய ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அங்கேயே இரவு தங்கிவிடுங்கள். இரண்டாம் நாள் கந்தளாயிலிருந்து, சேருவிலவுக்கு அருகிலுள்ள சேருநுவர போகும் வீதி. மகாவலியைக் கடந்து அல்லைக் குடியேற்றத் திட்டத்து வயல்களுக்குள் இறங்கும் அந்த வீதி மிக அழகானது, ஆனால் இடையிடையே காடு. நாலரை மணிக்குப் புறப்படும் வழக்கத்தை அன்று மட்டும் கட்டாயமாகக் கைவிடுங்கள். யானைகள் விடியும்வரை வீதியிலும் வீதியோரத்திலும் நிற்கும். துவிச்சக்கர வண்டிக்குச் சத்தமும் இல்லை, வெளிச்சமும் போதாது. காலை ஏழரைக்குப் பின் புறப்பட்டு, மாலை நான்கு மணிக்கு முன் ஊருக்குள் சேர்ந்துவிட வேண்டும். இதில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம்.

சேருவில விகாரை காவன்தீசன் காலத்தது, கிறிஸ்துவுக்கு முற்பட்ட 2ஆம் நூற்றாண்டு. அதைப் பார்த்தபின் மூதூர்ப் பக்கம் திரும்பாமல் தெற்கே வெருகலுக்குப் போய்விடுங்கள். மகாவலி கடலை அடையும் முன் கிளை பிரிகிறது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவில் விழ, மற்றையது வெருகலாறாகத் தெற்கே போய்க் கடலில் கலக்கிறது. சித்திரவேலாயுதர் அந்த ஆற்றங்கரையில் இருக்கிறார். கதிர்காமத்துக்கு நடந்துபோகும் அடியார்கள் இறங்கிச் செல்லும் இடம் அது. தங்குவதற்கு முன்கூட்டியே கோயிலாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம், முதலை உண்டு. மூன்றாம் நாள் வெருகலிலிருந்து கிளிவெட்டி, மூதூர், கிண்ணியா வழியாக வீடு, ஏறக்குறைய 70 கிலோமீற்றர். இரண்டு நாட்களில் முடிப்பதென்றால் முடிக்கலாம். ஆனால் வீதியைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மூதூர் ஆசிரியை எழுதியது:

ஐயா சொன்ன திசையை நானும் ஏற்கிறேன். ஆனால் மூன்றாம் நாளை வீடு திரும்பும் நாளாக மட்டும் நினைத்து விரைந்துவிடாதீர்கள் தம்பி. கொட்டியாரபுரப் பற்று என்று பழையவர்கள் சொல்லும் நிலம் முழுவதும் அந்த ஒரு நாளில்தான் உங்கள் கண்ணில் படப்போகிறது.

கிளிவெட்டியிலிருந்து சற்று விலகிப் போனால் கங்குவேலி. அங்கே அகத்தியர் தாபனம் என்று சொல்லப்படும் இடம் மகாவலிக் கரையில் இருக்கிறது. திருக்கரைசைப் புராணம் பாடிய சிவத்தலம் இந்தக் கரையைச் சேர்ந்தது. ஒரு புராணமே பெற்ற கோயிலின் எச்சங்களைப் பார்க்க வரும் மாணவர் இத்தனை குறைவாக இருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம். மெல்லிய ரயரில் அந்த மண்பாதை கடினமாக இருக்கும்; வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தாவது போங்கள்.

மூதூரில் வெள்ளைக்காரன் புளியமரத்தடியில் நில்லுங்கள். பாய்மரம் முறிந்த தங்கள் கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸும் அவருடைய தந்தையும் 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட இடமாக அதைச் சொல்வார்கள். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 19 ஆண்டுகள் கழித்து, 1679 இல் அரிப்புக்குத் தப்பினார்; பின்னர் அந்த ஆண்டுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இத்தனை பெரிய குடாவில் ஒரு கப்பல் ஒதுங்கியதால் கண்டி இராச்சியத்து மக்களின் வாழ்க்கை ஏட்டில் ஏறியது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இடையே இப்போது நீங்கள் நிற்காமல் கடக்கப்போகும் பாலங்கள் எல்லாம் அண்மைக் காலத்தவை. இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று நான்கு இடங்களிலும் நாங்கள் ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் திருகோணமலைக்குப் போனோம். பஸ்ஸும் ஆட்களும் துவிச்சக்கர வண்டிகளும் ஒன்றாக ஏறும். ஒரு பாதை பழுதானால் அன்றைய பயணம் முடிந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது, மற்றவை 2011 இல். மாலை ஐந்து மணியளவில் கிண்ணியாப் பாலத்தில் வருமாறு நேரத்தை வகுத்துக்கொண்டால், ஒருபக்கம் தம்பலகாமக் குடாவும் மறுபக்கம் கொட்டியாரமும் ஒரே ஒளியில் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006 ஆகஸ்டில் சண்டை மூண்டபோது நாங்கள் மூதூரைவிட்டுக் கந்தளாய் நோக்கி நடந்தோம். வாப்பாவின் துவிச்சக்கர வண்டியின் பின்னால் உம்மம்மா இருந்தார், கைபிடியில் பானையும் துணிமூட்டையும் தொங்கின. வாப்பா ஒரு தடவைகூட அதில் ஏறவில்லை, முழுத் தூரமும் உருட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பக்கத்து வீதிகளில் ஊர் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் வண்டி ஓட்டிப் போகப்போகிறார்கள் என்று வாசித்தபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சிறு குறிப்புகள் சில. மாசியில் அறுவடை தொடங்கியிருந்தால் வீதியின் பாதியில் நெல் காயவைத்திருப்பார்கள். அதன்மேல் ஏறினால் வழுக்கும், உழைத்தவர் மனமும் நோகும், ஆகவே இறங்கி விலகிச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமையென்றால் நண்பகலில் மூதூர், கிண்ணியாக் கடைகள் பூட்டியிருக்கும். கோயிலுக்கும் விகாரைக்கும் போவதற்கு ஆளுக்கொரு வேட்டியோ சாரமோ பையில் இருக்கட்டும்.

சங்கிலிக்காரன் எழுதியது:

வண்டியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாகத் துவிச்சக்கர வண்டி திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கந்தளாயிலும் மூதூரிலும் திருத்துமிடங்கள் உண்டு, ஆனால் அவர்களிடம் இருப்பவை 26, 28 அங்குல உள்ளூர் வண்டிகளுக்கான ரியூப்கள். உங்கள் 700சி சில்லுக்கு ஏற்றது கிடைக்காது. பிரெஸ்டா என்ற உங்கள் மெல்லிய வால்வுக்குக் காற்றடிக்கும் பம்பும் இருக்காது. ஆளுக்கு இரண்டு ரியூப், ஒரு கைப்பம்பு, சாதாரண பம்பு பொருந்துவதற்கு வால்வில் மாட்டும் பித்தளை இணைப்பு ஒன்று கொண்டுபோங்கள். சட்டகம் இடம் கொடுத்தால் 28 அல்லது 32 மில்லிமீற்றர் ரயர் போட்டுக் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டுங்கள். 23 இல் போனால் வேலியோர முள்ளும் பாலத்து இணைப்புகளும் நாள் முழுக்க உங்களை இறக்கி வைக்கும். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் சேருநுவர வீதிக்குக் குறைந்த அளவு. கடற்காற்றில் ஓடிய சங்கிலியைத் திரும்பிய அன்றே துடைத்து எண்ணெய் விடுங்கள்.

உவர்மலைவாசி எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணாவுக்கும் மனமார்ந்த நன்றி. மாசிக்குத் தள்ளிவைத்து, மூன்று நாட்களாக, தம்பலகாமத்திலிருந்தே தொடங்குகிறோம். அக்கா, உங்கள் வாப்பாவைப் பற்றி எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கங்குவேலிக்கு நிச்சயம் போவோம். ஐயாவிடம் ஒரு கேள்வி: தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள இராஜராஜப் பெரும்பள்ளியையும் முதல் நாளில் சேர்த்துக்கொள்ளலாமா?

தம்பலகாமத்தான் எழுதியது:

சேர்க்க வேண்டாம் தம்பி. அது பெரியகுளத்துப் பக்கம், வடமேற்கே. உங்கள் வழிக்கு நேரெதிர். சோழர் காலத்தில் பௌத்தப் பள்ளி ஒன்றுக்கு இராஜராஜன் பெயர் சூட்டி, தானங்களைத் தமிழில் பொறித்த இடத்தை அவசரமாகப் பார்ப்பது முறையல்ல. மாசிக்கு முன் ஒரு ஞாயிறு காலை கன்னியா வெந்நீரூற்றோடு சேர்த்துத் தனியாகப் போய் வாருங்கள், கால்களுக்கும் பயிற்சியாகும். பெரிய பயணத்துக்குப் புறப்படும் நாளை மட்டும் முன்னரே இங்கே எழுதுங்கள். காலைப் பூசைக்கு நான் கோயிலில்தான் இருப்பேன். மூவரும் தேநீர் குடித்துவிட்டு வாய்க்கால் வழியாகப் போகலாம், குளம் வரை நானும் என் பழைய வண்டியில் கூட வருகிறேன்.