புறநகரில் வீடு: அறைகளைப் பார்ப்பதா, அக்கம்பக்கத்தைப் பார்ப்பதா?

வீடுதேடி: இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று புறநகரின் கடைசித் தெருவில்: மூன்று படுக்கையறை, பின்னால் மரம் வைக்க இடம், பக்கத்து மனை காலி. ஆனால் வேலைக்குப் போக இப்போதைவிட 45 நிமிடம் கூடும். மற்றது ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரம். இரண்டே படுக்கையறை, வாசலில் பெரிய சாலை. விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுக்கலாம்?

தோட்டக்காரன்: முதல் வீடுதான். ஆறு வருடத்துக்கு முன் நாங்களும் இப்படித்தான் வந்தோம். இரவு ஒன்பதுக்கு மேல் தவளைச் சத்தம்தான் கேட்கும். சாலை இரைச்சலை லேசாக எடுக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் அது சராசரியாக 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. லாரி ஓடும் சாலையோரம் அது நடக்குமா?

கூட்டல்கழித்தல்: இரைச்சல் உண்மைதான். ஆனால் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றலாம், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடலாம். தூரத்தை என்ன செய்வீர்கள்? போக வர ஒன்றரை மணி. 240 வேலை நாளுக்கு 360 மணி. வருடத்தில் முழுதாகப் பதினைந்து நாள், இரவும் பகலும் வண்டியிலேயே! ஃப்ரே, ஸ்டுட்சர் என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் திரட்டிய தரவுகளை ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள்: பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைகிறது, சம்பளமோ வீட்டு வசதியோ அதை முழுதாக ஈடுகட்டுவதில்லை.

தோட்டக்காரன்: நான் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. பிள்ளைகள் பின்கட்டில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறேன், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கூட்டல்கழித்தல்: சரி, உங்களுக்கு அமைந்திருக்கிறது. வீடுதேடிக்கும் அப்படி அமையுமா? அப்புறம், காலி மனையை நம்பி வாங்க வேண்டாம். அதில் எத்தனை மாடி கட்ட அனுமதி உண்டு என்று முதலில் விசாரியுங்கள். என் சமையலறை ஜன்னலில் மாலை வெயில் விழும். இப்போது கை நீட்டினால் பக்கத்து நான்கு மாடிச் சுவர் இடிக்கிறது.

தோட்டக்காரன்: இதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று, பெருமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். எங்கள் தெருவில் தாழ்ந்த பக்கம் இரண்டு வீடுகளின் மதிலில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. விற்கும்போது வெள்ளையடித்தார்கள், இரண்டே மாதத்தில் உப்புப் பூத்து வெளியே தெரிந்தது.

வீடுதேடி: வாரத்துக்கு ஐந்து நாளும் நான் அலுவலகம் போயாக வேண்டும். திங்கள் காலை எட்டு மணிக்கு முதல் வீட்டு வாசலிலிருந்து ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.