படுவான்கரை வயலுக்கு ஜீப்: 2.8 லீற்றர் டேர்போவா, 4.2 லீற்றர் பெரிய எஞ்சினா?

உன்னிச்சை வட்டை:

வணக்கம். மட்டக்களப்புப் படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் எங்களுக்கு வயலும் ஒரு மாட்டுப்பட்டியும் இருக்கின்றன. சிறுபோகக் காலத்தில் எந்த வாகனமும் அங்கே போய்வரும். ஆனால் கார்த்திகை பிறந்து மழை பிடித்துவிட்டால், கிறவல் பாதை முடிகிற இடத்திலிருந்து வாடி (வயற்குடில்) வரைக்கும் உழவு இயந்திரத்தைத் தவிர வேறொன்றும் நகராது. விதைநெல், உரம், சில வேளைகளில் வேலையாட்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றிப்போக ஒரு போர்வீல் ஜீப் வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். அதே வாகனத்தில்தான் அம்மாவைச் சிகிச்சைக்காக அவ்வப்போது கொழும்புக்கும் அழைத்துப்போக வேண்டும்.

இரண்டு நிசான் பட்ரோல்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் வை 60 வகையைச் சேர்ந்தவை. ஒன்றில் 4,169 சிசி கொள்ளளவுடைய டி.டி. 42 எஞ்சின் இருக்கிறது; அதில் டேர்போ கிடையாது. மற்றதில் 2,826 சிசி ஆர்.டி. 28, டேர்போவுடன். இரண்டுமே ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள். விலையிலும் பெரிய வேறுபாடில்லை. சேற்றில் எது நம்பி ஓடக்கூடியது, எதை இந்தப் பக்கத்திலேயே வைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்முனை கராஜ்:

தம்பி, நீங்கள் சொல்லும் பாதைக்கு நான் 4.2 எஞ்சினைத்தான் சொல்வேன். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையில் ஒரு சில்லு சுழல, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சில்லு காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டேர்போ. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகையும் குறைவு, ஆகவே அமுக்கமும் குறைவு. அந்தக் காலத்து டேர்போ எஞ்சின்களில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 சுற்றுக்குக் கீழே டேர்போ இருந்தும் இல்லாதது போலத்தான். அப்போது உங்களிடம் இருப்பது இரண்டு தொன் எடையைச் சுமக்கும் வெறும் 2.8 எஞ்சின். களிச்சேற்றிலோ நீங்கள் ஓடுவது பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேதான். இழுவை போதவில்லை என்று மிதியை அழுத்தினால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, அடுத்த கணம் டேர்போ பிடித்துக்கொண்டு சில்லுகள் நான்கும் உரசிச் சுழலும். மேலே இருக்கும் மெல்லிய காய்ந்த படையைச் சில்லு அறுத்துவிட்டால் கீழே இருப்பது ஆழமான உளைச்சேறுதான். வாகனம் வயிறு தட்டி நின்றுவிடும். டி.டி. 42 எஞ்சினில் லோ கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனிக் கியர்) போட்டு, மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பாருங்கள். தன்பாட்டிலேயே மெதுவாக உருண்டு போகும்.

திருத்த வேலையிலும் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. டி.டி. 42 எஞ்சினின் பிளொக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைப் பற்சில்லுகள் சுழற்றுகின்றன. ஆர்.டி. 28 எஞ்சினில் அந்த வேலைக்கு டைமிங் பெல்ட் உண்டு. அது எப்போது மாற்றப்பட்டது என்று விற்பவர் நிச்சயமாகச் சொல்லாவிட்டால், வாங்கிய கையோடு மாற்றிவிட வேண்டும். அதன் ஹெட் அலுமினியம் என்பதால் ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே வளைந்துவிடக் கூடும்.

சூடேறுவதற்கு நம் பக்கத்தில் ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலுக்குள் ஓடும் வாகனங்களில் ஏசியின் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இடைவெளியில் பதரும் புல்விதையும் போய்ச் சேரும். அதன்மேல் சேறு தெறித்துக் காய்ந்துவிட்டால் காற்றுப் போக வழியே இராது. முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். கண்டென்சரைக் கழற்றினால் உள்ளே பாய் விரித்தது போல் ஒரு படை ஒட்டியிருக்கும். எந்த எஞ்சினை வாங்கினாலும் போகத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, வேகம் குறைந்த தண்ணீரால் கழுவுங்கள்.

பாணமைப் பாதை:

கல்முனை நானா சொன்னதில் ஒரு பகுதியோடு எனக்கு உடன்பாடில்லை. நான் பொத்துவிலிலிருந்து பாணமை ஊடாக உகந்தைக்கும் குமணவுக்கும் ஆட்களை ஏற்றிப்போகிறவன். என் ஜீப் டேர்போ.

முதலாவது, பட்ரோலில் லோ போட்டால் கியர் ஏறத்தாழ இரண்டு மடங்கு இறங்கிவிடும். ஆள் மெல்ல ஓடும் வேகத்தில் போகும்போதும் எஞ்சினை 2,000 சுற்றில் வைத்திருக்க முடியும் என்பதால், டேர்போ தாமதித்துப் பிடிக்கிறது என்ற குறையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டாவது, மணலில் எஞ்சின் எடை ஒரு பெரிய விடயம். முன் அச்சின்மேல் அவ்வளவு பெரிய இரும்பு எஞ்சினை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் இறங்கினால் முன்சில்லு முதலில் புதையும். மணலில் டயர் காற்றை 18 இறாத்தல் அளவுக்கு இறக்கி, நிறுத்தாமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்கு டேர்போ நன்றாக ஒத்துவரும். மூன்றாவது மலைநாடு. ஆயிரம் மீற்றர் ஏறினால் டேர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது.

டேர்போ என்றாலே கீழ்ச் சுற்றில் வலு இல்லை என்று எழுதுவது இன்றைய வாகனங்களுக்குப் பொருந்தாது. டொயோட்டா தன் 70 வரிசை லேண்ட் குரூசருக்கு 2023இல் அறிவித்த 2.8 லீற்றர் நான்கு சிலிண்டர் டேர்போ, 1,600 சுற்றிலேயே 500 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தருகிறது. அதே வாகனத்திலிருந்த 4.5 லீற்றர் எட்டு சிலிண்டர் எஞ்சின், அதுவும் டேர்போதான், 430 மட்டுமே தந்தது.

கல்முனை கராஜ்:

மணலைப் பற்றித் தம்பி சொல்வது முழுவதும் சரி. நானும் பாணமைப் பக்கம் ஓடுகிறவருக்கு வேறு பதில்தான் எழுதியிருப்பேன். கேட்டவரின் பாதை களி. புதிய டொயோட்டா எஞ்சினின் கணக்கும் உண்மையே, ஆனால் அது கொமன் ரெயில் முறையில், அதாவது மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயிலிருந்து டீசல் பீச்சும் முறையில், கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின். இவர் பார்த்திருக்கும் இரண்டும், சிலிண்டருக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றறைக்குள் டீசலைப் பீச்சும் பழைய மறைமுக உட்செலுத்தல் முறையிலானவை. பொறிமுறைப் பம்பில் ஓடுகின்றன. டீசலைப் பீச்சும் கொமன் ரெயில் இன்ஜெக்டருக்கு டீசல் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். வாடியில் பீப்பாயில் வைத்து, மழைத்தண்ணீர் கலந்துபோன டீசலை ஊற்றினால் இன்ஜெக்டர்களை மாற்றும் செலவு ஒரு போகத்து இலாபத்தையே விழுங்கிவிடும்.

கிரான் துறை:

தண்ணீரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல விரும்புகிறேன். மழைக்காலத்தில் எங்கள் பாதைகளின் மேலால் வெள்ளம் ஓடுவது உங்களுக்குத் தெரியும். கடுமையாக இழுத்து வந்த டேர்போ கொதிநிலையில் இருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கினால் அதன் வார்ப்புக் கூட்டில் வெடிப்பு வரலாம். எஞ்சினை ஓடவிட்டபடி கரையில் சற்று நேரம் நின்று, சூடு தணிந்த பிறகு இறங்குங்கள். காற்று இழுக்கும் வாய்க்கு மேலே தண்ணீர் போனால் எந்த எஞ்சினும் தப்பாது, பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். ஓடும் வெள்ளத்தில், அடியில் பாதை இருக்கிறதா என்று தெரியாமல் தயவுசெய்து யாரும் இறங்க வேண்டாம்.

உன்னிச்சை வட்டை:

எல்லோருக்கும் நன்றி. என் மனம் 4.2 பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் அம்மாவோடு கொழும்புக்குப் போகும்போது லொறிகளை முந்துவதற்கு அதில் வலு போதாது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். பின்னொரு காலத்தில் அந்த எஞ்சினுக்கு டேர்போ பொருத்தலாமா?

கல்முனை கராஜ்:

பொருத்தலாம். நிசானே அந்த எஞ்சினை டேர்போவுடனும் வெளியிட்டிருக்கிறது. ஆனால் டேர்போ இல்லாமல் வந்த எஞ்சினில் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) அதிகம் என்பதால் டேர்போவின் அழுத்தத்தைக் குறைவாகவே வைக்க வேண்டும். புகையின் வெப்பத்தைக் காட்டும் மானி ஒன்று கட்டாயம் வேண்டும். பம்பைத் திறந்து டீசலை மட்டும் கூட்டிவிட்டு வாகனத்தைக் கையில் தருபவர்களிடம் கொடுக்காதீர்கள். அப்படி உருகிய பிஸ்டன்கள் என் கராஜுக்கு வந்திருக்கின்றன. ஒரு வருடம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். முந்தும்போது ஒரு கியர் இறக்கிக்கொண்டால், அம்மாவை நிதானமாக அழைத்துப்போக அந்த வலு தாராளமாகப் போதும் என்பதே என் எண்ணம்.

வாங்கும் நாளில், நீங்கள் போவதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது, வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தினால் புகை பலமாகத் தள்ளக் கூடாது. ரேடியேட்டரில் இருப்பது கூலன்ட்தானா, துருப்பிடித்த தண்ணீரா என்று விரல் விட்டுப் பாருங்கள். அதை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செய்துவிடுங்கள். அதன்பிறகு வாகனத்தைக் கல்முனைக்குக் கொண்டுவர விற்பவர் சம்மதித்தால், ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் (உள்ளே எவ்வளவு அமுக்கம் நிற்கிறது என்று) அளந்து தருகிறேன்.